குழலைப் பிடித்து நிற்கும் ஆப்பு

கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதி ஹல்துமுல்லையைத் தாண்டிப் பெரகலச் சந்திக்கு ஏறியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். சந்திக்குக் கீழேயுள்ள ஒரு தோட்டத்தில் என் அப்பா மர பாஸாக வேலை செய்தார். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கீழ்க் கிராமத்து விவசாயி ஒருவர் சாக்கில் சுற்றிய பழைய துவக்கொன்றைக் கொண்டுவந்தார். காட்டுப்பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்க, அனுமதிப்பத்திரத்தோடு அவர் வைத்திருந்த துவக்கு அது. வாய் வழியாக மருந்தும் ஈயமும் போட்டு இடித்து நிரப்பும் வகை. வடக்கிலும் கிழக்கிலும் இதை இடியன் துவக்கு என்பார்கள்.

“பாஸுன்னஹே, கட்டை பிளந்துபோச்சு” என்றார்.

பிளந்த காரணம் பார்த்தவுடனே தெரிந்தது. ஆப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஆணி அடித்திருந்தது.

ஆப்பு என்ன செய்கிறது?

இவ்வகைத் துவக்கில் இரும்புக் குழல் மரக்கட்டையின் பள்ளத்தில் படுத்திருக்கும். குழலின் பின்முனையிலுள்ள கொக்கி, கட்டையில் திருகிய இரும்புத் துண்டில் போய் மாட்டிக்கொள்ளும். முன்பகுதி எழும்பாமல் இருக்க, குழலின் அடியில் துளையுள்ள ஒரு ‘காது’ இருக்கும். கட்டையின் ஒரு பக்கத்திலிருந்து நுழையும் தட்டையான இரும்பு ஆப்பு, அந்தக் காதின் துளை வழியாகப் போய் மறுபக்கம் எட்டிப்பார்க்கும். அந்த ஆப்புதான் குழலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது.

முழு நீளக் கட்டையுள்ள பழைய துவக்குகள் பலவற்றில் இந்த வேலையை மெல்லிய ஊசி ஆணிகள் செய்தன. அவற்றை அடிக்கடி தட்டிக் கழற்றினால் மரம் சிதையும். ஆப்பைத் தள்ளி எடுத்தால் போதும், குழலைத் தனியே தூக்கிவிடலாம். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெடித்த துவக்கை அன்றைக்கே சுடுநீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். மாதக்கணக்கில் மூடுபனி இறங்கும் எங்கள் மலையில் இதைத் தள்ளிப்போட முடியாது.

முதலில் பார்க்கவேண்டியது

அப்பா உளியைத் தொடவில்லை. கேப் மாட்டும் காம்பில் கேப் இல்லை என்பதைப் பார்த்தார். இடிகோலைக் குழலுக்குள் விட்டு, வாய் விளிம்பில் நகத்தால் அடையாளம் பிடித்தார். வெளியே எடுத்து, அந்த அடையாளம் வாயோடு நிற்கும்படி குழலின் பக்கத்தில் வைத்தார். கோலின் நுனி காம்புக்கு நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

உள்ளே மருந்து இருந்தது. கொண்டுவந்தவருக்கே அது நினைவில்லை.

“தள்ளி நில்லு” என்று என்னைப் பட்டறைக்கு வெளியே அனுப்பினார். குழலில் தண்ணீர் ஊற்றி வைத்தார். அன்று வேறு எதுவும் செய்யவில்லை. மறுநாள் அந்த விவசாயியே திருகுமுனைக் கோலால் தும்பையும் ஈயத் துண்டுகளையும் சேறாகிப்போன மருந்தையும் இழுத்தெடுத்தார்.

பொருத்தும் முறை

பிளவை ஒட்டிக் காயவைத்த பிறகுதான் ஆப்பின் முறை வந்தது. காதின் இடத்தை அளந்து, கட்டையின் இரண்டு பக்கமும் குறித்தார். ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் துரப்பணம் விலகி மறுபக்கம் கோணலாக வெளிப்படும். ஆகவே இருபுறமிருந்தும் நடுவை நோக்கிச் சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, இடைமரத்தை மெல்லிய அரத்தால் அராவித் தட்டையான வழியாக்கினார்.

ஆப்பு ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு விரல் அகலம். நுழையும் நுனி சற்றே ஒடுங்கியிருக்கும். காதிலுள்ள துளை, குழலின் நீளவாக்கில் ஆப்பைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கவேண்டும். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். இரும்பு அப்படி அசையாது. இரண்டுக்கும் இடம் விடாவிட்டால் மரம்தான் பிளக்கும். உருண்டை ஆணி அந்த இடத்தை விடவில்லை.

ஆப்பு பெருவிரலால் தள்ள முக்கால்வாசி போய், மீதி மரச்சுத்தியலின் மெல்லிய தட்டலில் போகவேண்டும். அதைவிட இறுக்கமானால் குழலை இழுத்து வளைத்துக் குறியை மாற்றும். தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் குதித்து மரத்தைக் குத்தும். தளர்ந்த ஆப்பை மிக இலேசாக வில்போல் வளைத்து மீண்டும் போடுவது தற்காலிக வைத்தியம். துளையின் வாயில் இருபக்கமும் சிறு தகடு பதித்தால் மரம் நொய்யாது.

இந்த மலைக்கு வந்த துவக்குகள்

1840களில் இங்கு வந்த ஆங்கிலேயரின் வேட்டைத் துவக்குகளும் வாய்வழி நிரப்புபவைதாம். அவற்றில் பெரும்பாலானவை கொக்கியும் ஆப்பும் கொண்டவை. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. அவர் கொன்ற யானைகளுக்கு ஒரு கல்லும் இல்லை.

ஆப்பில்லாத துவக்கு

இன்று எங்கள் பக்கத்தில் அதிகம் பயப்படவேண்டியது கட்டுத்துவக்குக்குத்தான். ஒரு இரும்புக் குழாய், ஒரு விசை, பாதைக்குக் குறுக்கே ஒரு கயிறு. ஆப்பு இல்லை, தோளில் வைக்கும் கட்டையும் இல்லை. நிரப்பிவிட்டுப் போனவர் அருகில் இருப்பதில்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டிய குழாய் மனிதரின் காலில் வெடிக்கும். எங்கள் லயத்திலிருந்து விறகுக்குப் போன ஒருவர் அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார். அதன் பிறகு அவரால் மலை ஏறமுடியவில்லை. அவர் பேரில் இருந்த வேலை மகளுக்குப் போனது, அவளது படிப்பு நின்றது.

கட்டுத்துவக்கு வைப்பது குற்றம். அனுமதிப்பத்திரமில்லாமல் துவக்கு வைத்திருப்பதும் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டப்படி குற்றம். சட்டத்தைச் சொல்லிவிட்டு, பன்றி தின்ற சேனையைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் நியாயமில்லை. அந்த விவசாயியின் பயிர்தான் அவர் வீட்டுச் சோறு. ஆனால் அவர் துவக்கோடு பரணில் தானே விழித்திருந்தார். இருட்டில் அசைவது பன்றியா ஆளா என்று பார்க்க இரண்டு கண்கள் அங்கே இருந்தன.

வேலை முடிந்ததும் அப்பா ஆப்பை அவர் கையில் கொடுத்து, அவரையே போடச் சொன்னார். போட்டார். கழற்றச் சொன்னார். கழற்றினார். மூன்று முறை அப்படிச் செய்யவைத்த பிறகுதான் துவக்கைச் சாக்கில் சுற்ற விட்டார்.