வட்டின் வேகத்தை அளந்த கதை

பைக் வாங்கும்போது கம்பெனி சொல்லும் மைலேஜ், கூடலூரிலிருந்து நெல்லியாளம் வரும் மலைப்பாதையில் கிடைக்காது. இது எல்லோருக்கும் தெரியும். கணினி வட்டுகளிலும் இதே கதைதான். பெட்டியின் மேல் ஒரு எண் இருக்கும், கையில் கிடைப்பது வேறாக இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சாதாரண ஆட்களுக்கும் காட்டிக் கொடுத்தவை சில சின்ன மென்பொருள்கள்.

முதல் வன்தட்டு

1956-ல் ஐபிஎம் நிறுவனம் தன் ராமாக் கணினியுடன் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். நொடிக்கு 8,800 எழுத்துகளைப் படிக்கும். ஆனால் வேண்டிய இடத்தைத் தேடிப் போகவே சராசரியாக 0.6 நொடி ஆனது. ஆக, வட்டுக்குத் தேடும் வேகம், படிக்கும் வேகம் என்று அன்றே இரண்டு வேகங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது மட்டும்தான்.

52 எக்ஸ் ரகசியம்

சிடி டிரைவில் 1 எக்ஸ் என்றால் நொடிக்கு 150 கிலோபைட். 52 எக்ஸ் என்றால் 7,800. ஆனால் அந்த வேகம் சிடியின் வெளி ஓரத்தில் மட்டுமே வரும். உள்பக்கம் வட்டம் சிறியது, அங்கே வேகம் பாதிக்கும் குறைவு. சிடியில் தகவல் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. அதனால் பாதி நிரம்பிய சிடி 52 எக்ஸைத் தொடவே தொடாது. நீரோ சிடி ஸ்பீட் மென்பொருள் இதை மேலே ஏறும் கோடாக வரைந்து காட்டியது. வன்தட்டு வெளி ஓரத்திலிருந்து தொடங்குவதால், எச்டி டியூன் வரையும் கோடு கீழே இறங்கும்.

இலவச லேப்டாப்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. தேயிலைத் தோட்டப் பகுதிகளில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. சில வருடங்களில் "ஆன் ஆகவே அரை மணி நேரம்" என்ற புலம்பலும் வந்தது. வேகத்தை அளந்து பார்த்தாலோ நொடிக்குப் பல பத்து மெகாபைட் என்று வரும். எது பொய்?

இரண்டும் உண்மை. அக்கால லேப்டாப் வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. அரைச் சுற்றுக் காத்திருப்பையும், படிக்கும் முனை நகரும் நேரத்தையும் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாக நொடிக்குச் சுமார் 60 துண்டுகள்தான் படிக்க முடியும். ஒரு துண்டு 4 கிலோபைட் என்றால் மொத்தம் 240 கிலோபைட்! கணினி ஆன் ஆகும்போது நடப்பது இதுதான், ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடி ஓடுவது.

லினக்ஸின் எச்டிபார்ம் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தைத்தான் அளக்கிறது, அதுவும் வட்டின் வேகமான தொடக்கப் பகுதியில். கிரிஸ்டல்டிஸ்க்மார்க் 4 கிலோபைட் துண்டுகளையும் தனி வரியில் காட்டும். பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி பெரிதாக வெல்வதும் அங்கேதான்.

கோட்டில் திடீர்ப் பள்ளங்கள் வந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுந்தால், வட்டு பழுதாகத் தொடங்கியிருக்கலாம். முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

அளக்காமல் கடைக்குப் போனால் புதுக் கணினிக்குப் பணம் போகும். அளந்துவிட்டுப் போனால் பல நேரம் ஒரு எஸ்எஸ்டி விலையோடு முடிந்துவிடும். கூலியிலிருந்து மிச்சம் பிடிக்கும் வீட்டில் அந்த வித்தியாசம் சின்னதல்ல.