விண்தொலைநோக்கிப் படங்களும் ‘பொய்நிறம்’ என்னும் சொல்லும்

அண்டைப் பேரடைகளின் வண்ணப் படங்களை வகுப்பில் காட்டும்போது, “இவை உண்மைப் படங்களா, கணினியில் தீட்டியவையா?” என மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடையிறுக்க, அப்படங்கள் உருவான வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஆண்ட்ரோமெடாவைக் கண்ணாடித் தகட்டில் படம்பிடித்தார். புதுமீன் எனத் தாம் குறித்த ஒரு புள்ளியை, முந்தைய தகடுகளோடு ஒப்பிட்டபின் அடித்து, மாறொளிமீன் எனத் திருத்தினார். ஆண்ட்ரோமெடா நம் பால்வழிக்குப் புறத்தேயுள்ள தனிப் பேரடை என நிறுவ அத்திருத்தமே வழிகோலிற்று.

அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கி 1990 ஏப்ரலில் விண்ணேறியது. 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடியின் விளிம்பு, ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் மிகையாகத் தட்டையாகியிருந்தது. அச்சிறு பிழையால் விண்மீன்களின் ஒளி குவியாமல் சிதறிற்று. ஒளி சிதறும் பாங்கினைக் கணித்து மூலவடிவை மீட்கும் முறையை ரிச்சர்ட்சன் 1972இலும் லூசி 1974இலும் வகுத்திருந்தனர். அம்முறை இப்போது கைகொடுத்தது. ஆயினும் மங்கலான விண்மீன்களைக் கணக்கு முழுமையாக மீட்டுத் தரவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் திருத்தக் கருவிகளைப் பொருத்தினர். அதன்பின் எம்100 பேரடையின் மாறொளிமீன்கள் தனித்தனியே தெரிந்தன. அவற்றைக் கொண்டு அதன் தொலைவு ஏறத்தாழ 5.6 கோடி ஒளியாண்டு என 1994இல் கணிக்கப்பட்டது.

தொலைநோக்கியின் உணரி நிறத்தைப் பதிவதில்லை. ஒளியின் அளவையே பதிகிறது. ஒவ்வொரு வடிகட்டியின் வழியாகவும் ஒரு கறுப்புவெள்ளைப் படம் கிடைக்கும். அண்டக்கதிர்கள் மோதுவதால் தோன்றும் போலிப் புள்ளிகளை, ஒரே பகுதியின் பல பதிவுகளை ஒப்பிட்டு நீக்குவர். பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஏடெழுதுவோர் பிழை களைவதை இது ஒக்கும். பின்னர்க் குறுகிய அலைநீளத்திற்கு நீலமும் நெடிய அலைநீளத்திற்குச் சிவப்பும் சார்த்துவது பெருவழக்கு. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பில் நோக்கும் ஜேம்ஸ் வெப் படங்களுக்கும் இவ்வொழுங்கே பொருந்தும். 2015இல் வெளியான ஆண்ட்ரோமெடாப் படம் இவ்வாறு 7,398 பதிவுகளை இணைத்து உருவானது. அதில் 10 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்கள் அடங்கும்.

இங்கேதான் சொல்லாக்கம் குறுக்கிடுகிறது. இந்நிறத்தை ஆங்கில வழக்கை ஒட்டிப் ‘பொய்நிறம்’ எனப் பெயர்த்தால், படமே பொய் என மாணவர் கொள்வர். நிலப்படத்தில் மலைக்குப் பழுப்பும் கடலுக்கு நீலமும் இடுவதை எவரும் பொய் என்பதில்லை. அது குறியீடு. ஆதலின் ‘குறிநிறம்’ என்னும் சொல்லை நாம் முன்மொழிகிறோம். எந்நிறம் எவ்வொளியைக் குறிக்கிறது என்று கேட்கும் வினாவை அச்சொல்லே மாணவரிடம் எழுப்பும். படத்தின் கீழுள்ள விளக்கக் குறிப்பில் அவர்கள் அதற்கு விடை தேடட்டும். ஆசிரியர்கள் அவ்வாசிப்பைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் நன்று.