மெழுகு வார்ப்புப் பயிற்சி

மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகம் வார்க்கும் சிற்பமுறையைக் கற்றல். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதி குடும்பங்கள் இதைத் தலைமுறைகளாகப் பயிற்றி வருகின்றன. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியிலும் உலோகச் சிற்பம் பாடமாக உள்ளது.

அளவு: மாணவர் முதலில் தாலமானம் என்னும் சிற்ப அளவுமுறையைக் கற்கிறார். உருவத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னையோலையை மடித்து, முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் அளவுகளைக் குறிக்கிறார்.

மெழுகு: தேன்மெழுகுடன் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுவர். இளஞ்சூட்டில் இளகும், தண்ணீரில் இட்டால் இறுகும். இந்தப் பக்குவத்தைக் கைதான் அறியவேண்டும்.

அச்சும் வார்ப்பும்: மெழுகுருவின்மேல் முதலில் காவிரி வண்டல்மண்ணை மெல்லியதாகப் பூசுவர். விரல்ரேகைவரை பதிவது இப்பூச்சில்தான். அது உலர்ந்தபின் தடித்த மண் பூசி, கம்பி கட்டிச் சுடுவர். மெழுகு வடிந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைத் தடையின்றி ஒரே சீராக ஊற்றுவர். அச்சில் ஈரம் இருந்தால் ஆவி சீறி வார்ப்பு கெடும்.

முடிப்பு: ஆறியபின் அச்சை உடைத்து, உளியாலும் அரத்தாலும் செதுக்குவர். அச்சு உடைபடுவதால் ஒவ்வொரு சிலையும் தனிப்படைப்பே.