தவறணையும் மீன்பொரியலும்

ஆங்கில நாட்டுத் தொழிலாளருக்குப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் எவ்வாறோ, அவ்வாறே யாழ்ப்பாணத்து உழைப்பாளிக்குப் பனையோலைப் பிளாவில் வார்த்த பனங்கள்ளும் அதனோடு கடித்துக்கொள்ளும் மீன்பொரியலும் சாயங்கால சுகமாய் இருந்தனவாதலால், இப்பொரியலின் சரித்திரம் கள் விற்கும் கடையாகிய தவறணையின் சரித்திரத்தோடு பிணைந்தே கிடக்கிறது. ஆங்கிலேய அரசாங்கம் தவறணைகளைக் குத்தகைக்கு விட்டு வருமானம் ஈட்ட, மரமேறிச் சீவியவருக்கோ சொற்ப ஊதியமே மிஞ்சியது. 1972ஆம் ஆண்டளவில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வியாபாரத்தை ஏற்றமை, என் அபிப்பிராயத்தில், காலந்தாழ்ந்து வந்த நியாயமே. பின்னர் உள்நாட்டு யுத்தம் மூண்டு, கடலில் இறங்கத் தடையும் எரிபொருளுக்குக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டபோது, குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய துறைகளின் மீன்வரத்து க்ஷீணித்தது. 2009இல் யுத்தம் ஓய்ந்த பிறகு நகரத்து உணவகங்கள் கணவாயும் இறாலும் பொரித்துக் குளிரூட்டிய அறைகளில் பரிமாறுகின்றன. சங்கங்களின் கள்ளோ போத்தலில் அடைபட்டும் விற்பனையாகிறது.