வெலிங்டன்: ஒரு பெயரின் வரலாறு

வெலிங்டன் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1809-இல் அது ஒரு படைத்தலைவருக்குப் பட்டமாயிற்று. அவருடைய புகழோடு நியூசிலாந்தின் தலைநகருக்கும், நீலகிரியின் படைநகருக்கும், டாஸ்மேனியாவின் மலைக்கும், தென்னாப்பிரிக்காவின் திராட்சைப் பள்ளத்தாக்குக்கும், சிலி நாட்டுத் தீவுக்கும், மழைக்காலணிக்கும், போர் விமானத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தப் பெயர் எங்கே தென்பட்டாலும் அது வாட்டர்லூ வீரரின் நினைவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பல இடங்களில் அது சரி. சில இடங்களில் முழுத் தவறு. அந்தப் பெயரைச் சூட்டியவர் யார், எந்தக் காரணத்தால் சூட்டினார், அதற்கு முன் அந்த இடத்தை மக்கள் எப்படி அழைத்தார்கள் என்று ஒவ்வொரு வெலிங்டனைப் பற்றியும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரும் பட்டமும்

சாமர்செட் வெலிங்டன் ஆங்கிலோ-சாக்சன் காலத்திலேயே பட்டயங்களில் இடம்பெற்ற ஊர். 1086-இன் டூம்ஸ்டே நிலப்பதிவிலும் அது உண்டு. 1215-இல் ஜான் மன்னர் அங்கே சந்தை கூடுவதற்கு உரிமை வழங்கினார். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர், ஹெரஃபோர்ட்ஷயர் ஆகிய மாவட்டங்களிலும் இதே பெயரில் பழைய ஊர்கள் இருக்கின்றன. ஷ்ராப்ஷயர் வெலிங்டன் இன்று டெல்ஃபோர்ட் நகரின் ஒரு பகுதி. இந்த இரண்டு ஊர்களின் பெயருக்கும் படைத்தலைவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சாமர்செட் ஊருக்கும் தொடக்கத்தில் அவரோடு தொடர்பு இருந்ததில்லை. அந்தப் படைத்தலைவரான ஆர்தர் வெல்லஸ்லி 1769-இல் அயர்லாந்தில் பிறந்தவர். குடும்பத்தின் பெயரே கைமாறி வந்த ஒன்றுதான். அவருடைய தாத்தா ரிச்சர்ட் காலி, பிள்ளையில்லாத உறவினர் காரெட் வெஸ்லியின் சொத்துக்கு 1728-இல் வாரிசாகி, வெஸ்லி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். அதற்கு முன்பு காரெட் வெஸ்லி தத்தெடுக்க விரும்பியது, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் பாடலாசிரியராகப் புகழ்பெற்ற சார்லஸ் வெஸ்லியை என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும் வெஸ்லி குடும்ப வரலாறுகள் சொல்கின்றன. 1798 வாக்கில் இந்தக் குடும்பம் வெஸ்லி என்ற எழுத்தை விட்டுவிட்டு வெல்லஸ்லி என்ற பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

1809 ஜூலையில் ஸ்பெயினின் தலவேராவில் ஆர்தர் வென்றார். அவருக்குப் பிரபு பட்டம் என்று முடிவானபோது அவர் போர்க்களத்தில் இருந்தார். எந்தப் பெயரில் பட்டம் வேண்டும் என்று கேட்டு எழுதிப் பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. லண்டனில் இருந்த அண்ணன் வில்லியம் வரைபடத்தில் தேடினார். வெல்லஸ்லி என்ற குடும்பப் பெயருக்கு மூலமான ஊர் சாமர்செட்டில்தான் இருக்கிறது. அதே மாவட்டத்தில், காதுக்கு அதையொட்டி ஒலிக்கும் வெலிங்டன் கண்ணில் பட்டது. தம்பிக்கும் அது பிடித்துப்போயிற்று. 1809 செப்டம்பர் 16-ஆம் நாள் முதன்முறையாக ‘வெலிங்டன்’ என்று கையெழுத்திட்டார். 1814-இல் டியூக் ஆனார். 1815 ஜூன் 18-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். 1828 முதல் 1830 வரை பிரதமராகவும் இருந்தார்.

தன் பட்டத்துக்குப் பெயர் தந்த ஊருக்கு அவர் நேரில் சென்றது 1819-இல் ஒரே ஒரு முறைதான். அதற்குள் ஊருக்குத் தெற்கே பிளாக்டவுன் குன்றின் மேல் அவருக்கு நினைவுத்தூண் எழுப்ப 1817-இல் அடிக்கல் நாட்டியிருந்தார்கள். பணம் திரளாமல் வேலை அடிக்கடி நின்றது. டியூக் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்து 1854-இல்தான் அது ஒரு வடிவத்துக்கு வந்தது. முக்கோண அடித்தளத்தின் மேல் சுமார் 53 மீட்டர் உயரம் நிற்கும் அந்தத் தூண், மூன்று பக்கக் கல்தூண்களில் உலகிலேயே உயரமானது எனப்படுகிறது.

இந்தியாவில்

வெலிங்டன் என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்து போய்விட்டார். 1797 பிப்ரவரியில் 33-ஆம் ரெஜிமென்டோடு கல்கத்தாவில் இறங்கினார். அடுத்த ஆண்டு அவருடைய மூத்த அண்ணன் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரலாக வந்தார். ஆர்தர் சென்னைக்கு அனுப்பப்பட்டார். புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் தங்கியிருந்த வீடு வெல்லஸ்லி மாளிகை என்றே அழைக்கப்பட்டது. மைசூர் மீது படையெடுப்பதற்கு வேலூரில் திரண்ட படையைப் பழக்கியதிலும், அதற்கு உணவும் வண்டிமாடும் சேர்த்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சீரங்கப்பட்டண முற்றுகையின்போது, 1799 ஏப்ரல் 5 இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பில் அவர் நடத்திய தாக்குதல் இருட்டில் குழம்பித் தோற்றது. மே 4-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அந்த நகரை ஆளும் பொறுப்பு அவரிடமே தரப்பட்டது.

1803 செப்டம்பர் 23-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் அசாயே என்ற சிற்றூரில் மராட்டியப் படையோடு நடந்த போர்தான் அவருடைய இந்திய வாழ்வின் உச்சம். தன் வாழ்நாளில் நடத்திய போர்களிலேயே சிறந்தது அசாயேதான் என்று முதுமையில் அவரே கருதினார். அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் ஸ்காட்லாந்து வீரர்களும் சென்னை மாகாணச் சிப்பாய்களும். கொல்லப்பட்டவர்கள், காயமடைந்தவர்கள், காணாமற்போனவர்கள் என ஒரே நாளில் 1,584 பேர். டியூக்கின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் சிப்பாய்களுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிதாக இருக்கிறது. அவர்களுக்குக் கிடைத்த அடையாளம் ஒரு யானை. அசாயேயில் போரிட்ட படைப்பிரிவுகள் யானைச் சின்னத்தைத் தரித்துக்கொள்ள உரிமை பெற்றன. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னத்தில் நிற்பது அந்த யானைதான்.

நீலகிரி வெலிங்டன்

அந்த ரெஜிமென்டின் தலைமை மையம் இருக்கும் இடத்தின் பெயரும் வெலிங்டன்தான். குன்னூருக்கும் அரவங்காட்டுக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்தக் கன்டோன்மென்டின் முந்தைய பெயர் ஜக்கதலை. ஆங்கிலேயர் எழுத்தில் ஜாக்கடல்லா. அது படுகர் ஊர் ஒன்றின் பெயர். பக்கத்தில் ஜெகதளா என்ற பேரூராட்சியாக அது இன்றும் வழங்குகிறது. சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் ஐரோப்பியச் சிப்பாய்கள் மடிந்துகொண்டிருந்ததால், அவர்களை மலையில் தங்கவைக்க 1852-இல் பாரக்ஸ் கட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 14-இல் டியூக் இறந்தார். 1860-இல் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் அவருடைய பெயரை இந்தப் படைநகருக்குச் சூட்டினார்.

விடுதலைக்குப் பிறகு பாரக்ஸின் பெயர் மாறியது. தரைப்படைத் தளபதியாக இருந்த ஸ்ரீநாகேஷின் பெயர் அதற்கு வந்தது. ஊரின் பெயர் மாறவில்லை. 1947-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இங்கே வந்து சேர்ந்தது. பிரிவினையால் குவெட்டாவின் ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தான் பக்கம் போய்விட, இந்தியாவுக்கான பாதுகாப்புப் பணிகள் பயிற்சிக் கல்லூரி 1948-இல் வெலிங்டனில் தொடங்கியது. முப்படைகளின் இடைநிலை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கே படிக்கிறார்கள். இக்கல்லூரியின் தலைவராக இருந்த சாம் மானக்‌ஷா ஓய்வுக்குப் பின் குன்னூரிலேயே வாழ்ந்து, 2008 ஜூன் 27-இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 2021 டிசம்பர் 8-இல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், இந்தக் கல்லூரிக்கு வரும் வழியில்தான் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் குன்னூரைத் தாண்டியதும் நிற்கும் நிலையம் வெலிங்டன்.

நியூசிலாந்துத் தலைநகர்

இந்தப் பெயரைத் தாங்கும் இடங்களில் மிகப் பெரியது நியூசிலாந்தின் தலைநகர். அந்தத் துறைமுகத்துக்கு மாவோரி மக்கள் வைத்த பெயர் தே ஃபங்கநூயி-ஆ-தாரா, அதாவது தாரா என்ற முன்னோரின் பெருந்துறை. 1839-இல் நியூசிலாந்துக் கம்பெனியின் ‘டோரி’ கப்பல் வந்து, அங்கே நிலம் வாங்கியதாகப் பத்திரம் எழுதிக்கொண்டது. 1840 ஜனவரியில் முதல் குடியேறிகள் இறங்கினார்கள். பெட்டோனி கடற்கரையில் அமைத்த முதல் குடியிருப்புக்குப் பிரிட்டானியா என்று பெயரிட்டார்கள். ஹட் ஆற்றின் வெள்ளம் அதைச் சூழ்ந்ததால் குடியிருப்பு தோர்ன்டன் பக்கம் இடம்பெயர்ந்தது. புதிய ஊருக்கு வெலிங்டன் என்று பெயர் வைக்க லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த முடிவுக்குக் காரணம் வாட்டர்லூ அல்ல. கம்பெனியின் மூளையாக இருந்த எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் குடியேற்றத் திட்டத்துக்காக 1834-இல் தெற்கு ஆஸ்திரேலியச் சட்டம் வந்தபோது, பிரபுக்கள் சபையில் டியூக் அதற்குத் துணைநின்றார். அந்த நன்றிக்கு அங்கே அமையும் தலைநகருக்கே அவர் பெயரை வைக்க வேக்ஃபீல்ட் விரும்பினார். அந்தப் பெருமையோ மன்னரின் மனைவி அடிலெய்டுக்குப் போயிற்று. தீர்க்காத அந்தக் கடனை நியூசிலாந்தில் தீர்த்தார்கள், இன்னொரு மக்களின் துறைமுகத்தின் பெயரைக் கொண்டு. 1839-இன் நிலப் பத்திரம் செல்லாது என்று மாவோரி மக்களின் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2003-இல் கண்டது. 2009-இல் சட்டம் இயற்றி மாவோரி வாரிசுகளுக்கு ஈடு வழங்கப்பட்டது. 1865 முதல் இந்நகரம் நாட்டின் தலைநகராக இருக்கிறது. தே ஃபங்கநூயி-ஆ-தாரா என்ற பெயரும் இன்று அரசு வழக்கில் உயிரோடு இருக்கிறது.

இந்நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி ஒன்று உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் வடக்குத் தீவில் அதைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்‌ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதிலுள்ள தமிழ் வாசகத்தின் பொருள். நகரின் கண்டாலா என்ற புறநகருக்கு, இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய ஒருவர் தன் பண்ணை வீட்டுக்கு வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அங்குள்ள தெருக்களுக்குக் கங்கை, சிம்லா, மெட்ராஸ் என்று பெயர்.

மற்ற நிலங்களில்

தென்னாப்பிரிக்காவில் ‘வண்டி செய்வோர் பள்ளத்தாக்கு’ என்று டச்சு மொழியில் வழங்கிய ஊர் 1840-இல் வெலிங்டன் ஆயிற்று. அப்போதைய கேப் ஆளுநர் சர் ஜார்ஜ் நேப்பியர், டியூக்கின் கீழ் ஸ்பெயினில் போரிட்டு ஒரு கையை இழந்தவர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் விராஜுரி மக்களின் நிலத்துக்கு 1817-இல் நில அளவையாளர் ஜான் ஆக்ஸ்லி வெலிங்டன் பள்ளத்தாக்கு என்று பெயரிட்டார். அங்குள்ள குகைகள், அழிந்துபோன மாபெரும் பைம்மாக்களின் எலும்புகளுக்குப் பெயர்பெற்றவை. டாஸ்மேனியாவில் ஹோபார்ட் நகருக்குப் பின்னால் 1,271 மீட்டர் உயரம் எழும் மலைக்கு 1832-இல் இந்தப் பெயர் வந்தது. 2013 முதல் அதன் அதிகாரப்பூர்வப் பெயர் குனான்யி / மவுண்ட் வெலிங்டன். பூர்வகுடிப் பெயர் முதலில் வருகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள வெலிங்டன் வேறு வகை. சார்லஸ் ஆலிவர் வெலிங்டன் என்ற கணக்காளர் 1950-களில் அங்கே சதுப்புநிலத்தை வாங்கினார். ஊரின் பெயர் அவருடையது. அவருடைய முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் ‘பசு’ என்று வரும்; அவர் விமானமும் ஓட்டுவார். அதனால் பண்ணையை ‘பறக்கும் பசு’ என்று அழைத்தார்கள்.

பொருள்களும் மரமும்

டியூக் விரும்பி அணிந்தது கெண்டைக்கால் உயரத் தோல்காலணி. சார்லஸ் குட்இயரின் ரப்பர் காப்புரிமை 1850-களில் ஐரோப்பாவுக்கு வந்த பிறகு அதே வடிவம் ரப்பரில் வந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சேற்றில் அதற்குத் தேவை பெருகியது. 1936-இல் முதன்முதலாகப் பறந்த விக்கர்ஸ் வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் 11,400-க்கும் மேல் கட்டப்பட்டது. அதற்குமுன் அதே நிறுவனம் கட்டிய விமானத்தின் பெயர் வெல்லஸ்லி.

கலிபோர்னியாவின் ராட்சத மரத்துக்கு 1853-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி ‘வெலிங்டோனியா’ என்று பெயர் சூட்டினார். தங்கள் மண்ணின் மரத்துக்கு ஆங்கிலப் படைத்தலைவரின் பெயரா என்று அமெரிக்கர்கள் கொதித்து, வாஷிங்டன் பெயரை வைக்க முயன்றார்கள். இரண்டுமே நிலைக்கவில்லை. வெலிங்டோனியா என்ற பெயர் 1840-லேயே வேறொரு செடிக்கு வைக்கப்பட்டிருந்ததால் விதிப்படி செல்லாமற்போனது. 1939-இல் செக்கோயாடென்ட்ரான் என்ற இன்றைய பெயர் வந்தது. பிரிட்டனின் தோட்டங்களில் மட்டும் அதை இன்றும் வெலிங்டோனியா என்கிறார்கள்.

மனிதர்கள்

சீன ராஜதந்திரி வெலிங்டன் கூ, 1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் ஷான்டோங் மாநிலத்துக்காக வாதாடியவர், 1945-இல் ஐ.நா. சாசனத்தில் சீனாவின் சார்பில் கையெழுத்திட்டவர். நியூயார்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் உரிமையாளராக இருந்த வெலிங்டன் மாராவை வீரர்கள் ‘டியூக்’ என்று அழைத்தார்கள். அந்த ஆட்டத்தின் தேசிய லீக் பயன்படுத்தும் பந்துக்கே அந்தச் செல்லப்பெயர் வந்துவிட்டது. பிரேசிலில் இது சாதாரண ஆண்பெயர். கால்பந்து ரசிகர்கள் பல வெலிங்டன்களைப் பார்த்திருப்பார்கள்.

வில்லிங்டன்

தமிழ்நாட்டில் வெலிங்டன் என்று சொல்லப்படுபவை எல்லாம் டியூக்கைக் குறிப்பவை அல்ல. சாசெக்ஸ் மாவட்டத்தில் வில்லிங்டன் என்று வேறோர் ஊர் உண்டு. அதைப் பட்டமாகக் கொண்ட வில்லிங்டன் பிரபு 1919 முதல் 1924 வரை சென்னை ஆளுநர்; 1931 முதல் 1936 வரை வைஸ்ராய். கொச்சித் துறைமுகத்தைத் தூர்வாரிய மண்ணால் உருவான தீவுக்கு அவர் பெயர்தான். சென்னைக் கடற்கரை எதிரே 1922-இல் தோன்றிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கியது. தமிழில் இரண்டு பெயர்களும் ஒரே எழுத்தில் கலந்துபோக, கல்லூரி லேடி வெலிங்டன் ஆயிற்று. தீவு வெலிங்டன் தீவு ஆயிற்று. திட்டக்குடி அருகே கீழ்ச்செருவாயில் 1923-இல் கட்டி முடித்த ஏரியும் வில்லிங்டன் ஆளுநராக இருந்த காலத்ததே. கடலூர் மாவட்ட விவசாயிகளுக்கு அது வெலிங்டன் ஏரி.