புழுதியாய்ப் பறந்த மேல்மண்

அமெரிக்க நாட்டின் நடுச் சமவெளி ஒரு காலத்தில் முழுக்கப் புல்வெளி. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறவே, போர் முடிந்த பிறகும் டிராக்டர் வைத்துப் புல்லையெல்லாம் உழுது போட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தது. மண்ணைப் பிடித்துவைக்க வேர் இல்லை. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதி புழுதிப் புயலில் பட்டப்பகலே இருட்டாகிவிட்டது. லட்சக்கணக்கான ஜனங்கள் ஊரை விட்டே கிளம்பினார்கள்.

அதே மாதம் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுதார்கள். அறுத்த தாளை நிலத்திலேயே விட்டார்கள். காற்றைத் தடுக்க 1934 முதல் 1942 வரை சுமார் 22 கோடி மரங்கள் வைத்தார்கள். வறட்சி தீருமுன்பே மண் பறப்பது வெகுவாகக் குறைந்தது.

மழை நம்ம கையில் இல்லீங்க. மண் நம்ம கையில்தான் இருக்கு. மானாவாரிக்காரர்களே, சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், தாளைக் கொளுத்தாதீர்கள்.