சிம்லிபால் கருநிறப் புலிகளும் மரபணு ஆய்வும்

சிம்லிபால் புலிகள் காப்பகம் ஒடிசாவின் மயூர்பஞ்சு மாவட்டத்தில் அமைந்துள்ளது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களுள் இதுவும் ஒன்று. காட்டில் கருநிறப் புலிகள் வாழும் இடமாக இன்று இது அறியப்படுகிறது. அந்த நிறத்திற்குக் காரணம் தேடிய ஆய்வு, இப்புலிகளின் எதிர்காலம் பற்றிய எச்சரிக்கையாகவும் அமைந்தது.

செவிவழிச் செய்தியிலிருந்து சான்றுக்கு

கரும்புலியைக் கண்டதாக ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இந்தியாவில் பலர் கூறிவந்தனர். அவர்கள் கண்டது கருஞ்சிறுத்தையாக இருக்கலாம் எனப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. 1993-இல் சிம்லிபால் அருகே ஒரு சிறுவன் தற்காப்புக்காக எய்த அம்பில் கருநிறப் பெண்புலி ஒன்று இறந்தது. அதன் தோல் மறுக்க முடியாத சான்றாயிற்று. பின்னர் தானியங்கிக் கேமராக்களும் இப்புலிகளைப் படம் பிடித்தன.

இவற்றின் உடல் முழுவதும் கருப்பாக இருப்பதில்லை. வரிகள் அகன்று ஒன்றோடொன்று இணைவதால் இடையிலுள்ள செம்மஞ்சள் நிறம் மறைந்துபோகிறது. எனவே அறிவியலாளர் இதனைப் ‘போலிக் கருமை’ என்பர்.

ஓர் எழுத்தின் மாற்றம்

பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் ஆகியோரும் பிற நாட்டு ஆய்வாளர்களும் இதற்கான மரபணுக் காரணத்தை 2021-இல் வெளியிட்டனர். ‘டாக்பெப்’ என்னும் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியிருந்தது. வீட்டுப் பூனைகளில் திட்டுத்திட்டான வரிகளையும், சிவிங்கிப்புலிகளில் தடித்த பட்டைகளையும் உண்டாக்குவது இதே மரபணுவில் நிகழும் வேறு மாற்றங்களே.

இது ஒடுங்கு பண்பு ஆகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய படியைப் பெறும் குட்டியே கருநிறம் கொள்ளும். மொத்தம் 395 புலிகள் சோதிக்கப்பட்டதில், காட்டுப் புலிகளுள் சிம்லிபாலில் மட்டுமே இம்மாற்றம் காணப்பட்டது. அங்கு அது பாதிக்கும் மேற்பட்ட படிகளில் இருந்தது. புவனேசுவரத்தின் நந்தன்கானன், ராஞ்சி, சென்னை வண்டலூர் ஆகிய உயிரியல் பூங்காக்களின் சில புலிகளிலும் இது இருந்தது. அவை நந்தன்கானன் வழிவந்தவை.

காட்டில் புலிகளை மயக்கிப் பிடிக்காமலேயே இத்தகைய ஆய்வு செய்ய இயலும். எச்சம், உதிர்ந்த முடி, இரையின் மீது படிந்த உமிழ்நீர் ஆகியவற்றிலிருந்தே டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது.

அரிய நிறம் பெருகியது ஏன்?

மிகச் சில புலிகளிலிருந்து ஒரு கூட்டம் உருவாகி, வெளியிலிருந்து புதுவரவு இல்லாமற்போனால், அரிய மாற்றமொன்று தற்செயலாகவே பெருகிவிடும். இது மரபணு நகர்வு எனப்படும். சிம்லிபாலில் நிகழ்ந்ததை விளக்க இதுவே போதுமானது என்று கணினிவழிக் கணிப்புகள் காட்டின. நிறம் தீங்கற்றதாக இருக்கலாம். ஆனால் அதே வழியில் நோய், மலட்டுத்தன்மை போன்ற குறைகளும் பெருக வாய்ப்புண்டு. 2023-24 மாநிலக் கணக்கெடுப்பில் இங்கு 27 வளர்ந்த புலிகள் இருந்தன. அவற்றுள் 13 கருநிறப் புலிகள்.

புதிய இரத்தம்

அமெரிக்காவின் புளோரிடாவில் 1990-களில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கிய பூமாக்களிடம் வால் வளைவு, இதயக் குறை முதலியன தோன்றின. 1995-இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் கொண்டுவரப்பட்டபின் அவற்றின் தொகை பெருகியது. ஒடிசாவும் அவ்வழியை நாடியது. 2024-இன் இறுதியில் மகாராட்டிரத்தின் தடோபா காப்பகத்திலிருந்து ஜமுனா, ஜீனத் என்னும் இரு பெண்புலிகள் சிம்லிபாலுக்கு வந்தன. ஜீனத் அங்கே தங்காமல் சார்க்கண்ட் வழியாக மேற்கு வங்காளம் வரை சென்றது. டிசம்பர் 29 அன்று பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்டது.

இம்முயற்சியில் ஒரு முரண்பாடும் உண்டு. அதே 2024-இல் கருநிறப் புலிகளைக் காட்டும் சஃபாரி ஒன்றை மாநில அரசு அறிவித்திருந்தது. வெளிப்புலிகளோடு கலந்தால் குட்டிகளில் கருநிறம் குறையும். பயணிகளை ஈர்க்கும் அந்த நிறமே கூட்டத்தின் தனிமைக்கு அடையாளம் என்பதால், அது குறைவது மரபியல் நோக்கில் நலம்பெறுதலின் அறிகுறியாகும்.